ஆட்டிசம் உள்ள பிள்ளையும் நம் குடும்பமும்: டர்பன் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். மகனுக்கு இப்போது 15 வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள்தான் இவை. ஆங்கிலத்தில் இதையெல்லாம் தேடிப் படித்துவிடலாம். ஊரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கும் தாத்தா பாட்டிகளும் தமிழில் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல்லும் 'மதியிறுக்கம்' என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. என் மகனின் மதி இறுகிப்போகவில்லை. ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இரண்டு வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

வேண்டாம். இதே வார்த்தையை எங்களிடம் ஒரு டாக்டரே சொன்னார். நம்பி ஒரு வருடம் இருந்துவிட்டோம். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும்.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஆகாயத்தில் விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா, இல்லை உங்கள் கையையே ஒரு கருவிபோலப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறதா? 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் கேட்டே ஆக வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

பிள்ளை பிறந்தபோது கொடுத்த ரோடு டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்த வயதில் எது வர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நாம் தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை.

எங்கே போய் ஆரம்பிப்பது?

முதலில் காது. காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது, அதனால் கேட்கும் திறனைச் சோதிப்பதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு உங்கள் பகுதி அரசு கிளினிக். அங்கிருந்து சீட்டு வாங்கி சாட்ஸ்வர்த் ஆர்.கே. கான் மருத்துவமனைக்கோ, ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனைக்கோ போவீர்கள். மேற்கொண்டு தேவைப்பட்டால் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே நேராகப் போய் நிற்க முடியாது, பரிந்துரைச் சீட்டு வேண்டும்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது. பிள்ளை விளையாடுவதைப் பார்த்து, உங்களிடம் கேள்வி கேட்டுத்தான் சொல்வார்கள். எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு. அது சலித்தெடுக்கும் சல்லடை மட்டுமே, முடிவு அல்ல.

போகும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் செய்வது ஒன்றையும் பிள்ளை டாக்டர் எதிரில் செய்யாது. என் மகன் அன்றைக்கென்று பார்த்து டாக்டரைப் பார்த்துச் சிரித்தான்!

முறை வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கீழே வீட்டில் செய்வதைப் பற்றிச் சொல்லியிருப்பதற்கு யார் சீட்டும் தேவையில்லை.

எதனால் வந்தது? நான் ஏதாவது தப்பு செய்தேனா?

இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறப்பிலேயே உள்ள வேறுபாடு இது, மரபணுக்களின் பங்கு பெரிது. தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள், அது பொய் என்றாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. திருஷ்டி சுற்றிப் போடுவது உங்கள் இஷ்டம். உப்பு மிளகாய்க்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆனால் "கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாளே" என்று மருமகள் தலையில் பழி போடுகிற பேச்சை வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டு நிறுத்த வேண்டும். அது கணவராக இருந்தால் நல்லது.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பார்த்துக்கொள்கிற அம்மா ஜூலு. குழப்பமாகிவிடாதா? தமிழை விட்டுவிடச் சொன்னார்கள்.

எங்களிடமும் ஒருவர் சொன்னார், நாங்களும் ஆறு மாதம் விட்டோம். வீடு அமைதியாகிவிட்டது, அவ்வளவுதான் பலன். எனக்குக் கொஞ்சல் தமிழில்தான் வரும். ஆங்கிலத்தில் நான் அவனுக்குக் கட்டளை மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்களுக்கு இயல்பாக வருகிற மொழியில் நிறையப் பேசுங்கள். இங்கே ஐந்து தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் ஆயாவிடம் (பாட்டியிடம்) மட்டும்தான் தமிழ் மிச்சம் இருக்கும். அந்த ஆயா பேரனோடு தமிழில் பேசட்டும்.

எந்தத் தெரபி? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் உச்சரிப்புச் சொல்லித்தருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். பார்வை, சைகை, படம், சொல், எதுவானாலும் தனக்கு வேண்டியதைப் பிள்ளை இன்னொருவருக்குத் தெரிவிக்கக் கற்றுத்தருவது அவர் வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சாப்பாடு, உடை, பல் தேய்ப்பது, பென்சில் பிடிப்பது, சத்தமும் தொடுதலும் தாங்க முடியாமை, இவற்றைப் பார்ப்பார். இருவருமே எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் துறைப் பதிவு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நடத்தைப் பயிற்சி என்று ஏ.பி.ஏ. பற்றிப் பலர் சொல்வார்கள். அதில் நல்ல மாதிரியும் உண்டு, மோசமான மாதிரியும் உண்டு. அதற்குள் வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், தாங்கள் கையை ஆட்டியதை நிறுத்தவைக்கவே காலம் போனது, மனசு காயப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டே விஷயம். பிள்ளை அந்த அறைக்குள் அழாமல் போகிறதா? நான் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா? வெளியிலேயே உட்காருங்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிற இடத்துக்கு நான் இரண்டாம் முறை போனதில்லை.

மணிக்கணக்கைப் பற்றி: வாரத்துக்கு 45 நிமிடம் தெரபிஸ்டிடம் போகிறோம் என்று வையுங்கள். பிள்ளை விழித்திருக்கும் நேரம் வாரத்துக்கு 80, 90 மணி. அந்த முக்கால் மணியில் பிள்ளை கற்பதைவிட, நான் கற்றுக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வருவதுதான் பெரிது. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கான பயிற்சி ஒன்றை இதே எண்ணத்தில்தான் உருவாக்கியிருக்கிறது. நல்ல தெரபிஸ்ட் "இந்த வாரம் வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுத்தான் அனுப்புவார்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது?

தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் மூன்றாம் நாள் விட்டுப்போகும். குளிப்பது, சாப்பிடுவது, துணி மடிப்பது, எப்படியும் நடக்கிற வேலைக்குள் நுழையுங்கள்.

என் மகனுக்கு ரொட்டி உயிர். முழு ரொட்டியாகக் கொடுத்தால் என்னிடம் கேட்க அவனுக்கு ஒரு வாய்ப்பு. எட்டாகப் பிய்த்துக் கொடுத்தால் எட்டு வாய்ப்பு. ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். ஆரம்பத்தில் ரொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாலே போதும், "ரொட்டி" என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் கை நீட்ட வேண்டும். அப்புறம் படத்தைத் தொட வேண்டும். 'ரொ' வர ஒன்பது மாதம் ஆனது. பட்டினி போட்டு மிரட்டுவதாக இது ஆகிவிடக் கூடாது. ஐந்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையென்றால் கொடுத்துவிட வேண்டும்.

அவன் தட்டு மூடியைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். முதலில் பிடுங்கி வைப்பேன். பிறகு ஒரு தெரபிஸ்ட் சொன்னபடி எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு மூடியைச் சுழற்றினேன். நான்காம் நாள் என் மூடி நின்றதும் என் கையைத் தட்டினான். நாங்கள் இருவரும் சேர்ந்து விளையாடிய முதல் விளையாட்டு அது. ஆயா தினமும் பாடுகிற பாட்டைக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். இதற்கெல்லாம் பொம்மைக் கடைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது, நாள் எப்படிப் போகும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிவது. பிரிட்ஜ் கதவில் போட்டோக்கள்: பல், குளியல், கஞ்சி, கார், பள்ளி. முடிந்ததைக் கழற்றி டப்பாவில் போடுவான். இதன் அருமை 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. டோங்காட் பக்கமெல்லாம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஷவர் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்று தினம் மாலை இரண்டு மணி நேரம் அலறினான். அம்மா வாளியைப் படமெடுத்து, ஷவர் படத்தின் மேல் ஒட்டினாள். உடனே அடங்கவில்லை, நாலைந்து நாள் ஆனது. ஆனால் அடங்கியது. லோட்ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) காலத்தில் டிவிக்கு அதே வழி: கறுப்பு டிவி படம், பக்கத்தில் டார்ச் படம்.

படமும் டேப்லெட்டும் கொடுத்தால் சோம்பேறியாகி வாயே திறக்காமல் போய்விடாதா?

போகாது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் கேட்கிற ஆசை வரும். படமும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்கு உதவவே செய்கிறது. பேச்சே வராத பிள்ளைக்கு அதுதான் குரல். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே 1990 முதல் ஒரு மையம் இயங்குகிறது. சும்மா வீடியோ பார்க்கக் கொடுக்கும் டேப்லெட்டை இதோடு சேர்க்காதீர்கள், அது வேறு.

மருந்து? கோதுமை, பால் நிறுத்துவது? ஊரில் ஸ்டெம்செல் போடுகிறார்களாமே?

ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. கூட வருகிற தொல்லைகளுக்கு உண்டு. தூக்கமே இல்லாவிட்டால் மெலடோனின், தன்னையோ பிறரையோ கடுமையாக அடித்துக்கொண்டால் ரிஸ்பெரிடோன், வலிப்பு இருந்தால் அதற்கான மருந்து. எல்லாம் டாக்டர் பார்வையில்தான். ரிஸ்பெரிடோன் பசியைக் கிளப்பும், எடையைக் கவனியுங்கள்.

கோதுமை, பால் நிறுத்துவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நான்கே நான்கு பண்டம் சாப்பிடுகிற பிள்ளையிடம் அதில் இரண்டைப் பிடுங்கிவிட்டு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்? ஸ்டெம்செல், உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்கிற கீலேஷன், ப்ளீச் தண்ணீர், மூன்றுக்கும் கும்பிடு போட்டு விலகுங்கள். கீலேஷனில் 2005-இல் அமெரிக்காவில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளை இறந்தே போனது. "ஆறு மாதத்தில் குணமாக்குகிறேன்" என்று எங்களிடம் முன்பணம் வாங்கியவரும் ஒருவர் உண்டு. பணம் போனது போகட்டும், அந்த ஆறு மாத நம்பிக்கை வடிந்த விதம்தான் கொடுமை.

கடையில் கீழே விழுந்து கத்துகிறான். எல்லோரும் பார்க்கிறார்கள். அடம்தானே?

அடம் பிடிக்கிற பிள்ளை உங்களைக் கடைக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்தும். இது அப்படியில்லை. விளக்கு, சத்தம், கூட்டம், வாசனை எல்லாம் சேர்ந்து பிள்ளைக்கு நிரம்பி வழிகிறது. அந்த நேரம் புத்தி சொல்வது, கேள்வி கேட்பது, இறுகப் பிடிப்பது எதுவும் உதவாது. தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, குறைவாகப் பேசி, முடிந்தால் வெளியே கொண்டுபோங்கள். பார்க்கிறவர்களுக்கு விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. என் கணவர் மட்டும் "என்ன, டிக்கெட் வாங்கினீங்களா?" என்று கேட்டுவிடுவார்.

எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். எங்களுக்குத் தெரியவந்தது: கை காயவைக்கும் இயந்திரச் சத்தம். திடீரென்று புதிதாக ஆரம்பித்தால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தெரியாத வலி இப்படித்தான் வெளியே வரும்.

பள்ளிக்கூடம் சேர்க்க மாட்டேன் என்கிறது.

வாய்வார்த்தையில் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அடிப்படைக் கல்வி இந்நாட்டு அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு தரும் உரிமை. 2014-இல் வந்த, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்கான சியாஸ் என்ற கொள்கைப்படி ஆசிரியர் எஸ்.என்.ஏ. 1 படிவம் நிரப்ப வேண்டும், பள்ளியின் உதவிக் குழு எஸ்.என்.ஏ. 2, அதற்கு மேல் மாவட்டக் குழு எஸ்.என்.ஏ. 3. "சியாஸ் படிவம் ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்டாலே பேச்சின் தோரணை மாறும். நான் கண்ணால் கண்டது.

சிறப்புப் பள்ளிகளுக்கு வரிசை நீளம். பைன்டவுனில் பிரவுன்ஸ் பள்ளி, கேப்டவுனில் வேரா, ஆல்ஃபா பள்ளிகள், ஜோஹன்னஸ்பர்கில் கீ ஸ்கூல் என்று ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. சீக்கிரமே பெயரைப் பதியுங்கள், ஒன்றுக்கு மேல் பதியுங்கள். டர்பனில் ஆக்‌ஷன் இன் ஆட்டிசம், நாடு முழுதுக்கும் ஆட்டிசம் சவுத் ஆப்பிரிக்கா என்ற அமைப்புகளிடம் எங்கே இடம் இருக்கிறது என்று கேட்கலாம்.

அரசு பணம் ஏதாவது கிடைக்குமா?

சாஸா என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தில் கேர் டிபெண்டன்சி கிராண்ட் (பிள்ளையின் பராமரிப்புக்கான உதவித்தொகை). 18 வயதுக்குட்பட்ட, நிரந்தரமாகக் கடுமையான குறைபாடு உள்ள, முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு. 2025-இல் மாதம் சுமார் 2,300 ராண்டாக இருந்தது. விண்ணப்பம் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். சாஸா சார்பில் டாக்டர் ஒருவர் பிள்ளையைப் பார்ப்பார். வருமான வரம்பு உண்டு, ஆனால் நினைப்பதைவிடத் தாராளம்: வேலை பார்க்கிறோமே, கிடைக்காது என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். ஆட்டிசம் என்ற பெயர் மட்டும் போதாது. எத்தனை பேர் உதவி, எத்தனை முறை, இரவில் எத்தனை தடவை எழுவது என்று அன்றாடத்தை எழுதிக்கொண்டு போங்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

வேலை விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. குடிமக்கள், நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்கள், அகதிகள், இவர்களுக்குத்தான்.

வரி கட்டுகிறவர்கள் குறைபாட்டை உறுதிசெய்யும் ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற வரித்துறைப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி வைத்தால், தெரபி போன்ற தகுதியுள்ள செலவில் 33.3 சதவீதம் வரியில் கழியும். பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

மாமியார் "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்கிறார். மகள் "எப்பவும் தம்பிதானா" என்கிறாள்.

மாமியாருக்கு விளக்கவுரை நடத்தாதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் ரொட்டிப் பயிற்சி அத்தையிடம் போனது. அவரிடம் முதன்முதலில் 'ரொ' சொன்னான், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், தம்பி இல்லாமல், தம்பியைப் பற்றிப் பேசாமல். கடற்கரையில் ஐஸ்கிரீம் போதும். அவளைச் சின்ன அம்மாவாக்கிவிடாதீர்கள். உங்கள் தூக்கமும் கணக்கில் சேர்த்தி. மாதக்கணக்கில் அழுகை நிற்கவில்லையென்றால் உங்களுக்கே ஒரு டாக்டர் வேண்டும்.

கதவைத் திறந்து ஓடிவிடுகிறாள்.

இந்தப் பிள்ளைகள் பலரையும் தண்ணீர் இழுக்கும், இந்த ஊரிலோ எங்கு பார்த்தாலும் தண்ணீர். காணாமல் போனால் முதலில் பக்கத்து வீட்டு நீச்சல் குளம், ஓடை, பிறகுதான் தெரு. கதவில் உயரத்தில் தாழ்ப்பாள், கையில் போன் எண் எழுதிய பட்டை, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போட்டோ. குளத்துக்கு 1.2 மீட்டர் வேலி விதிப்படியே வேண்டும். நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

எங்களுக்குப் பிறகு யார்?

கூட்டத்தில் கடைசியாக, செருப்பு மாட்டும்போது கேட்கப்படும் கேள்வி. 18 வயது ஆனதும் முந்தைய கிராண்ட் நின்றுவிடும், பெரியவர்களுக்கான டிசெபிலிட்டி கிராண்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் பெயருக்கு நேராகச் சொத்தை எழுதாமல், ஸ்பெஷல் டிரஸ்ட் (குறைபாடுள்ளவரின் நலனுக்கான அறக்கட்டளை) அமைக்க ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதற்குத் தனிமனிதருக்குரிய வரிவிகிதமே பொருந்தும். பணத்தை நிர்வகிக்க முடியாத பெரியவருக்கு உயர்நீதிமன்றம் கியூரேட்டர் (அவர் சொத்தைப் பார்த்துக்கொள்பவர்) ஒருவரை நியமிக்கும். சிறிய சொத்துக்கு உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் மூலம் நிர்வாகி நியமிப்பது செலவு குறைவு. உயில் இல்லாவிட்டால் இன்றே எழுதுங்கள். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்பது உயில் ஆகாது, சித்தப்பாவிடம் கேட்டீர்களா என்பதே முதல் கேள்வி.

காவடிக்கு, தீமிதிக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம். நாங்கள் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு முதல் வருடம் திருவிழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை போனோம், ஆளே இல்லை. சுற்றிவந்து, படமெடுத்து, பிரிட்ஜில் ஒட்டினோம். அடுத்த வருடம் திருவிழாவன்று காலை ஏழு மணிக்கு, காதில் ஹெட்போன், இருபது நிமிடம், மேளம் நெருங்கும் முன் கார். அதற்கடுத்த வருடம் மேளம் வந்தது, அவன் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மேளக்காரர் பக்கத்தில் போய் நின்றான். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து ஹெட்போனைக் கேட்டான்.